உரிமையும் உரிமமும்

இன்றைய பதிவு நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள்.

அமெரிக்காவில் எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் நம் முகநூல் நண்பர்கள் எழுதுவது வழக்கம்: "துப்பாக்கி வைத்திருப்பது எங்கள் உரிமை என்று அங்கேதான் சண்டை. நம் நாட்டில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை." கேட்டார்கள் நண்பர்களே. அறுபது வருடம் கேட்டார்கள். காங்கிரஸ் கேட்டது, காந்தி கேட்டார். கடைசியில் நாமே வேண்டாம் என்று வைத்தோம். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். எழுதுவதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

நான் இடைநிலை ஆசிரியர். நடுநிலைப் பள்ளியில் 34 வருடம். சமூக அறிவியல் எப்போதும் என் தலையில்தான் விழும். எட்டாம் வகுப்பில் லிட்டன் பிரபு வருவார். "லிட்டன் பிரபு ஏன் மக்களின் வெறுப்பைச் சம்பாதித்தார்?" என்பது ஐந்து மதிப்பெண் வினா. விடை பிள்ளைகளுக்கு மனப்பாடம். பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது 1877இல் தில்லியில் தர்பார் நடத்தினார். 1878இல் நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். ஆயுதச் சட்டத்துக்கு ஒரே ஒரு வரிதான். அதை நான் ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவேன்.

1986 என்று நினைவு. அந்த ஒரு வரியைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"சார், சுதந்திரம் வந்ததும் அந்தச் சட்டத்த எடுத்துட்டாங்களா?"

அவன் ஏன் கேட்டான் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரியும். நான் சொன்ன பதில்: "பாடத்தைக் கவனி. உட்காரு." அவ்வளவுதான். அந்தப் பதிலை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கதை லிட்டனிடம் தொடங்கவில்லை, நம் பக்கத்தில்தான் தொடங்கியது. கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. இரண்டு தேதியும் நமக்குத் தெரியும். மூன்றாவதாக ஒரு தேதி உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. 1801 டிசம்பர் 1. அன்றுதான் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) பாளையக்காரர் சீமைகளுக்கு ஒரு பிரகடனம் விட்டார். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனிமேல் துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருந்தால் கடும் தண்டனை. கோட்டை இடிந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. ஊர்ப்புறத்துச் சாதாரணக் குடியானவன் கையிலிருந்து திரித்துப்பாக்கியும் வேலும் போனது அவ்வளவாகத் தெரியவில்லை. சின்ன மருதுவை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரி, தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று தன் நினைவுகளில் எழுதிவைத்திருக்கிறார். கற்றுக்கொடுத்தவரைத் தூக்கிலிட்டாயிற்று. அந்த வித்தையை மற்றவர்கள் கையிலிருந்தும் பிடுங்கியாயிற்று.

1857 எழுச்சிக்குப் பிறகு அதே வேலையை வடக்கிலும் செய்தார்கள். 1857லும் 1860லும் ஆயுதச் சட்டங்கள் வந்தன. 1878இல் லிட்டன் கொண்டுவந்த 11ஆம் எண் சட்டம், நாடு முழுவதையும் ஒரே பிடிக்குள் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோடு வெளியே போனால் மூன்று ஆண்டு வரை சிறை.

இந்தச் சட்டத்தின் சாமர்த்தியத்தைப் பார்க்க வேண்டும். அதில் வெள்ளையன், கறுப்பன் என்ற சொல்லே கிடையாது. எல்லோருக்கும் பொதுவான சட்டம் போலவே இருக்கும். 27ஆம் பிரிவில் மட்டும், அரசு விரும்பினால் சிலருக்கு விலக்கு அளிக்கலாம் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து எழுதிய விதிகளில்தான் எல்லாம் இருந்தது. ஐரோப்பியருக்கு விலக்கு. ஆங்கிலோ இந்தியருக்கு விலக்கு. அரசு பட்டியல் போட்டு வைத்த சில ராஜாக்களுக்கும் பிரமுகர்களுக்கும் விலக்கு. மிச்சம் இருக்கிற கோடிக்கணக்கான பேர் உரிமம் கேட்டு மனுப்போட வேண்டும்.

எங்கள் ஊர் மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரம். நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டால் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. என் தாத்தா சொல்வார்: "மலைமேல எஸ்டேட் வச்சிருந்த துரையோட மவன் பதினஞ்சு வயசுப் பய. துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டுத் தெருவோட போவான். எங்கப்பா அம்பது வயசு ஆளு. பன்னிக்குப் பயந்து ஒரு துப்பாக்கிக்கு எழுதிப் போட்டுட்டு மூணு வருசம் தாலுகாபீசுக்கு நடந்தாரு." மூன்றாம் வருடம் கிடைத்தது. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டித்துச் சுடுகிற ஒத்தைக்குழல் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஊர் போயிருக்கும். அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைக் கவிழ்த்துவிடுவார் என்றா பயந்தார்கள்? பயமும் இருந்திருக்கும். ஆனால் கொள்ளுத்தாத்தாவுக்கு உறுத்தியது பன்றியை விட அந்தப் பதினைந்து வயதுப் பையன்தான்.

நாடு முழுக்க இருந்த கோபமும் அதேதான். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு வந்து எடுத்துவிட்டார். (நம் சென்னை மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.) ஆயுதச் சட்டம் அப்படியே இருந்தது. காங்கிரஸின் மூன்றாவது மாநாடு 1887 டிசம்பரில் சென்னையில், ஆயிரம்விளக்குப் பக்கம் மக்கீஸ் தோட்டத்தில் நடந்தது. தலைவர் பதுருதீன் தயாப்ஜி. ஆயுதச் சட்டத்துக்கு எதிரான தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். வங்காளத்து இளைஞர் விபின் சந்திர பால் அதற்காக ஆவேசமாகப் பேசினார்.

அந்தத் தீர்மானத்தை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் முழுதாக வாசித்தேன். மக்கள் விசுவாசமாக இருக்கிறார்கள், இந்தச் சட்டத்தால் கஷ்டப்படுகிறார்கள், இது அவர்கள்மேல் சுமத்திய தகாத பழி என்று ஆரம்பிக்கிறது. பிறகு கேட்பது இது: எல்லோரும் ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதுதான் பொது விதியாக இருக்க வேண்டும், யாருக்காவது கூடாது என்றால் அரசு காரணத்தை எழுத்தில் பதிந்து வெளியிட வேண்டும். லிட்டன் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். அவர் சட்டத்தில் எல்லோருக்கும் தடை, வேண்டியவர்களுக்கு விலக்கு. இவர்கள் கேட்டதில் எல்லோருக்கும் அனுமதி, வேண்டாதவர்களுக்குத் தடை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். யாருக்குத் தடை போடலாம் என்று சொல்லும் இடத்தில் தனி ஆட்கள் மட்டும் இல்லை, குறிப்பிட்ட சமூகங்களும் வகுப்புகளும் என்று தீர்மானமே சொல்கிறது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இலேயே வந்துவிட்டது. கோட்டுப் போட்டு மேடையில் இருந்த கனவான்களுக்குத் தாங்கள் அந்தச் சமூகங்களில் வரமாட்டோம் என்று தெரியும். துரை மகனுக்குக் கிடைத்தது தங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. துரை வீட்டில் வேலை செய்தவனுக்குக் கிடைக்குமா என்பது அன்று கேள்வியாகவே வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, 1887 அப்படித்தான் இருந்தது. ஆனால் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

சட்டம் துப்பாக்கியைத் தடுத்ததா? துணிந்தவனைத் தடுக்கவில்லை. 1911 ஜூன் 17 மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது வெளிநாட்டுப் பிரவுனிங் கைத்துப்பாக்கி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மவுசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சிக்காரர்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். பன்றி விரட்ட ஒரு ஒத்தைக்குழலுக்கு மூன்று வருடம் நடந்தவர்தான் சட்டத்துக்குள் அகப்பட்டார்.

இனி காந்தி. அகிம்சையின் தந்தை துப்பாக்கி கேட்டார் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் முதல் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது அவர் ஒரு துண்டறிக்கை போட்டார். பிரிட்டிஷ் ஆட்சி செய்த கேடுகளிலேயே ஒரு முழு தேசத்தின் ஆயுதத்தைப் பறித்ததைத்தான் வரலாறு மிக மோசமானதாகக் கருதும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. அந்தச் சட்டம் போக வேண்டும் என்றால் படையில் சேருங்கள் என்றார். இதைத் தன் சுயசரிதையிலும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இன்று துப்பாக்கி வேண்டும் என்கிறவர்கள் அந்த முதல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துப் பகிர்கிறார்கள். ஆள் சேர்க்க எழுதிய துண்டறிக்கை அது என்பதைச் சொல்வதில்லை. போருக்குப் பிறகு, 1920இல் விதிகளைத் திருத்தி இன அடிப்படையிலான விலக்கை ஏட்டளவில் நீக்கினார்கள். உரிமம் கொடுக்கும் கை மட்டும் மாறவில்லை.

1927இல் ஆயுதச் சட்டத்தை எதிர்த்து வாள் சத்தியாகிரகம் நடந்தது. கையில் வாளோடு தெருவில் நடப்பது, கைதாவது. நாகபுரியில் பெரிதாக நடந்தது, நம் மாகாணத்திலும் நடந்தது. இங்கே அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் விருதுநகர் இளைஞர் காமராஜர். வாள் பிடித்த காமராஜர் படம் எந்தப் பள்ளிக்கூடச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.

1930 ஜனவரியில் வைசிராய் இர்வினுக்குக் காந்தி 11 கோரிக்கைகள் வைத்தார். உப்பு வரியை ஒழிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. பதினொன்றாவது, மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமங்கள் வழங்க வேண்டும் என்பது. உப்பு எடுக்க அவர் தண்டிக்கு நடந்தார், ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்தார், உப்பு எல்லோர் நினைவிலும் நின்றது. பதினொன்றாவது கோரிக்கை காகிதத்தோடு போயிற்று. மறு ஆண்டு கராச்சி காங்கிரஸில் அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானம் வந்தபோது, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் அதில் இடம்பெற்றது. 1928இன் மோதிலால் நேரு அறிக்கையிலும் அது உண்டு. ஆக, சுதந்திரம் வந்தால் இந்த உரிமையும் வரும் என்பது எழுதி வைத்த வாக்கு.

வந்ததா என்றால், 1948 டிசம்பர் 1ஆம் தேதிக்குப் போக வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் இன்றைய 19ஆவது பிரிவு விவாதத்தில் இருக்கிறது. பேச்சுரிமை, சங்கம் அமைக்கும் உரிமை, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமை எல்லாம் வரிசையாக. எச்.வி.காமத் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவருகிறார்: ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேருங்கள், கராச்சியில் நாமே தீர்மானம் போட்டோமே என்கிறார். காமத் சும்மா எழுந்து பேசுகிற ஆள் இல்லை. சுபாஷ் சந்திர போஸோடு வேலை செய்தவர், ஐ.சி.எஸ். பதவியை உதறியவர்.

மறுநாள் அம்பேத்கர் பதில் சொன்னார். கராச்சித் தீர்மானம் வந்த சூழலை முதலில் நினைவுபடுத்தினார்: ஆயுதச் சட்டத்தை வைத்து அன்னிய அரசு நம்மை நிராயுதபாணிகளாக வைத்திருந்த காலம் அது. இப்போது வலியுறுத்த வேண்டியது ஆயுதம் ஏந்தும் உரிமையை அல்ல, நாட்டுக்கு ஆபத்து வந்தால் ஆயுதம் ஏந்தும் கடமையை என்றார். ஒவ்வொருவரும் கடைக்குப் போய் எந்தக் கேள்வியும் இல்லாமல் தாக்குதல் கருவிகளை வாங்கலாம் என்று இருந்தால் ஒரு அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்று தனக்குப் புரியவில்லை என்றார். திருத்தம் தோற்றது.

அந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். பிரிவினையின் ரத்தம் காயவில்லை. காஷ்மீரில் சண்டை ஓயவில்லை. செப்டம்பரில்தான் ஹைதராபாத்துக்குள் ராணுவம் போயிருந்தது. பத்து மாதம் முன்னால், ஜனவரி 30, கள்ளத்தனமாக வாங்கிய ஒரு இத்தாலிய பெரெட்டா கைத்துப்பாக்கி, மூன்று குண்டு. துப்பாக்கி உரிமம் கேட்டு இர்வினுக்கு எழுதியவரின் நெஞ்சில் பாய்ந்தது. அந்த வருடத்து டிசம்பரில் அந்தச் சபையில் நான் இருந்திருந்தால் அம்பேத்கர் பக்கம்தான் கை தூக்கியிருப்பேன். இன்றும் அப்படித்தான்.

நம் அரசியலமைப்பில் பெயர் சொல்லி அனுமதித்த ஒரே ஆயுதம் சீக்கியரின் கிர்பான். 25ஆவது பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. துப்பாக்கியில் இன்னொரு விலக்கு, பலருக்குத் தெரியாதது, குடகு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் 1861இல் வெள்ளையர் அளித்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. மத்திய அரசு 2019இல் அதை 2029 வரை நீட்டித்தது. கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். 1857இல் கும்பினிக்கு விசுவாசமாக இருந்ததற்குக் கொடுத்த சன்மானம் அது. வெள்ளையனிடம் கோபப்பட்டவன் பேரன் இன்றைக்கும் மனுப்போடுகிறான், விசுவாசமாக இருந்தவன் பேரனுக்கு மனு வேண்டாம். வரலாற்றுக்கு நியாயம் அநியாயம் தெரியாது. குடகு நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

அமெரிக்கா பற்றியும் கொஞ்சம். அங்கே 1791இலேயே இரண்டாவது திருத்தம் வந்துவிட்டது. ஊர்ப்படையைக் குறிப்பிட்டு ஆரம்பித்து, ஆயுதம் வைத்திருக்கும் உரிமையில் முடிகிற ஒற்றை வாக்கியம். அந்த உரிமை ஊர்ப்படைக்கா தனி மனிதனுக்கா என்ற வழக்கில், 2008இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் தனி மனிதனுக்குத்தான் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கேயும் எல்லா மனிதனுக்கும் அல்ல. 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில், கறுப்பர்களைக் குடிமக்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்கள் போகிற இடமெல்லாம் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றாகிவிடுமே என்று தலைமை நீதிபதி பயப்பட்டார். 1865இல் அடிமைத்தனம் ஒழிந்த கையோடு மிசிசிப்பி மாநிலம் சட்டம் போட்டது: விடுதலையான கறுப்பர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. லிட்டன் சட்டத்துக்குப் பதின்மூன்று வருடம் முன்னால். இரண்டு நாட்டிலும் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்று கேட்டால், யாரை முழு மனிதனாக எண்ணினார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

சரி, பையன் கேள்விக்கு வருகிறேன். சுதந்திரம் வந்ததும் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்களா? இல்லை. லிட்டன் சட்டம் சுதந்திர இந்தியாவில் மேலும் பதினைந்து வருடம் உயிரோடு இருந்தது. புதிய ஆயுதச் சட்டம் 1959இல் நிறைவேறி 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்படியும் உரிமம் வேண்டும். இந்தியாவில் துப்பாக்கி உரிமை இல்லை, துப்பாக்கி உரிமம்தான். ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்பதில் 1983இல் மூன்று என்று வரம்பு கட்டினார்கள். 2019இல் ஒன்று என்று ஆக்க மசோதா வந்து, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டு என்று முடிந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. கொள்ளுத்தாத்தாவின் ஒத்தைக்குழல் தாத்தாவுக்கு வந்து, அப்பாவுக்கு வந்தது. உரிமம் அப்பா பெயரில். ஆனால் ராத்திரி பரணில் உட்கார்ந்து பன்றி விரட்டியது அப்பா இல்லை. எங்கள் காட்டைக் காவல் காத்தவர் ஒருவர், பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். எங்கள் நிலத்தை ஒட்டி அரை ஏக்கர் குத்தகைக்கும் பயிர் வைத்திருந்தார். அப்பாவே துப்பாக்கியைக் கையில் கொடுத்து அனுப்புவார். வருடக்கணக்காக நடந்தது. ஊருக்கே தெரியும்.

1986இல் ஒரு ராத்திரி ரோந்து வந்த போலீஸ் அவரைத் துப்பாக்கியோடு பிடித்தது. காலையில் அப்பாவை வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். பெஞ்சில் சுடலைமுத்து சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. வந்தவர் சொல்லிவிடுவார் என்ற தெம்பு. அப்பா சொன்னார்: "எனக்குத் தெரியாது அய்யா. எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிருக்கான்."

உண்மையைச் சொன்னால் உரிமம் போய்விடும், தன் மேலும் வழக்கு வரும் என்று அப்பா பயந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அரசு வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். சுடலைமுத்து பதினோரு நாள் ஜெயிலில் இருந்தார். வழக்கு இரண்டு வருடம் இழுத்து விடுதலை ஆனது. அவர் உள்ளே இருந்த நாட்களில் ஒன்றில்தான் லிட்டன் பாடம் வந்தது. கேள்வி கேட்ட பையன் அவர் மகன்.

ஓய்வு பெற்ற பிறகு 1959 சட்டத்தை ஒரு வக்கீல் நண்பரிடம் வாங்கி வாசித்தேன். குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர் காவலுக்கு உண்மையாகவே கேட்டால், வேறு தடையில்லாதபோது உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது 13ஆவது பிரிவு. கொடுக்கலாம் என்றில்லை, கொடுக்க வேண்டும். 14ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை வாசித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்கு உரிமம் மறுக்கக் கூடாது. மூன்றாம் உட்பிரிவு, மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும். 1887இல் மக்கீஸ் தோட்டத்தில் கேட்டதில் ஒரு துண்டு எழுபத்திரண்டு வருடம் கழித்துச் சட்டத்தில் ஏறியிருக்கிறது. சமூகம், வகுப்பு என்ற சொல் அங்கே இல்லை. 1887 கனவான்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு 1959 ஆட்கள் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்ததும் நடந்ததும் வேறு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் கருகினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அன்று துப்பாக்கி இருந்தது நிலக்கிழார்கள் பக்கத்து ஆட்களிடம். அந்தச் சேரியில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் அப்படிக் கேட்க மாட்டேன். எதிரில் நின்றவர்களிடம் அது ஏன் இருந்தது என்றுதான் கேட்பேன். உரிமத்தைக் கடுமையாக்கு என்று நான் சொல்வதற்கும் அதுதான் காரணம். ஆனால் கடுமை யார்மேல் விழுகிறது என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

சுடலைமுத்துவுக்கு அந்தச் சட்டப்படி தன் பெயரிலேயே உரிமம் கேட்டிருக்க முடியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் பாதி மனுக்களை எழுதிக்கொடுத்தது நான்தான். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், ரேஷன் கார்டு எல்லாம் என் கையெழுத்து. இது எனக்குத் தோன்றவே இல்லை. துப்பாக்கி உரிமம் என்பது நிலமும் வீடும் இருக்கிற எங்களைப் போன்றவர்கள் விஷயம் என்று, யாரும் சொல்லித்தராமலே, நானும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்பா 1998இல் காலமானார். தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா, கடைசியாக அவர் அப்படி ஒப்படைத்தது அங்கேயே கிடக்கிறது. ரசீது என்னிடம் இருக்கிறது. திருப்பி வாங்க நான் போகவில்லை.

அந்தப் பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். ஐம்பது வயது தாண்டியாயிற்று, பையன் என்றே வாயில் வருகிறது. போன வாரம் எண் தேடி வாங்கிப் பேசினேன். 1986இல் நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்றேன். "இருக்கு சார்" என்றான். 13, 14 பிரிவுகளைச் சொன்னேன். ஸ்டேஷனில் அப்பா சொன்னதையும், நான் பக்கத்தில் நின்றதையும் சொன்னேன். அது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் அப்பா சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்பா இப்ப இல்ல சார். போயி ஆறு வருசமாச்சு. அந்தப் பதினாலாவது பிரிவு என்னமோ சொன்னீங்கள்ல, அத ஒரு பேப்பர்ல உங்க கையெழுத்துல எழுதி அனுப்புங்க" என்றான்.

எழுதி நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இந்தப் பதிவைப் போடுவதற்கும் அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.